டெக்னிக்கல் கொலிஜில் படித்த நம்மூர் ஆட்கள், மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

வாவிக்கரையான்:
ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) சரிவராதவன் போகும் இடம் என்றுதான் ஊரில் பேச்சு. நானும் அப்படிப் போனவன்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பிட்டர் கோர்ஸ், இயந்திரப் பாகங்களைச் செய்து பொருத்தும் தொழில். முதல் மூன்று வாரம் எந்த மெஷினையும் தொட விடவில்லை. இறுக்கிப் பிடிக்கும் வைஸில் ஓர் இரும்புத் துண்டு, கையில் ஓர் அரம், அவ்வளவுதான். ராவி ராவி உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. சேர் வந்து துண்டில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவ வேண்டும்.

வெளிச்சம் அடைபட்ட அன்று, அம்மாவுக்குக் காட்டலாமென்று துண்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தேன். சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்தார்கள். ஆமிக்காரர் ஒருவர் அதை எடுத்து, விளிம்பில் பெருவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். சேர் பார்க்கிற மாதிரியே. ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் வராது. “டெக்னிக்கல், டெக்னிக்கல்” என்றேன். போ என்று கையைக் காட்டினார். துண்டு அவரிடமே நின்றுவிட்டது.

அடுத்த நாள் சேரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்பறுக்கும் வாளால் இன்னொரு துண்டு அறுத்துத் தந்தார். திரும்பவும் மூன்று வாரம்.

அதற்கிடையில் ஒரு நாள் கண்டேன். சாவடி மேசையில், பெயர் பதிகிற கொப்பி காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் என் துண்டு.

டைப்பிங் அக்கா:
தம்பி, “சரிவராதவன் போகும் இடம்” என்று நீங்களே எழுதினால் மற்றவன் எப்படிப் பேசுவான்? அரமும் வைஸும் மட்டும்தான் டெக்னிக்கலா? கணக்கியல், சுருக்கெழுத்து, தட்டெழுத்து எல்லாம் அங்கேதான் படித்தோம். எங்கள் வகுப்பில் விசைகளைத் துணியால் மூடிவிட்டு அடிக்கச் சொல்வார்கள். இன்றைக்கும் நான் கீபோர்டைப் பார்ப்பதில்லை.

என் கதை சின்னது. பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், “புள்ள கெம்பஸா?” என்று கேட்டார், பல்கலைக்கழகமா என்று. எங்கள் அம்மா யோசிக்காமல் “ஓம், கெம்பஸ்தான்” என்றுவிட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறேன். திருத்தியிருக்கலாம். தட்டை நீட்டினேன். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் சரிவரவில்லை, அது பரவாயில்லை. அம்மா அவ்வளவு வேகமாகச் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது.

காரைதீவுக் கச்சான்காற்று:
அக்கா சொன்னது சரி. எங்கள் ஊர் மயில்வாகனன் 1915இல் எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில். 1916இல் அங்கே விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார், 1920இல் லண்டன் பி.எஸ்சி. அவர்தான் பிறகு சுவாமி விபுலாநந்தர். அந்தக் கல்லூரி 1893இல் மருதானையில் தொடங்கியது, அவர் பிறந்ததற்கு அடுத்த வருடம். அவர் படித்த காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லை. யூனிவர்சிட்டி கொலிஜ் வந்தது 1921இல். அப்போது விஞ்ஞானம் படிக்கப் போன இடமே டெக்னிக்கல்தான். யார் யாருக்கு மூத்தவன் என்று பாருங்கள்.

அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தையும் மறக்க வேண்டாம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்து, அணையும் வாய்க்காலும் வெட்டி, அதை நடத்த ஆள் தேவைப்பட்ட மண் அது.

நான் வாத்தியார். விபுலாநந்தர் கதையை வகுப்பில் பெருமையாகச் சொல்லி முடித்தேன். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, “அப்ப அவருக்கும் ஏ.எல். சரிவரல்லையா சேர்?” என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். அவனுக்குச் சொல்லப் பதில் இல்லாமல் மணி அடிக்கும்வரை போர்டை அழித்துக்கொண்டு நின்றேன்.

பட்டறைப் பொடியன்:
எல்லோரும் அரசாங்கக் கல்லூரியையே சொல்கிறீர்கள். மட்டக்களப்பு ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் ஒருவருக்கும் ஞாபகம் இல்லையா? அதை நடத்திய யூஜின் ஹெபெர்ட் பாதர் அமெரிக்காவின் லூசியானாக்காரர், யேசு சபை. 1948இல் வந்தவர், புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். கூட ஒரு பொடியன். இருவரும் வந்து சேரவில்லை.

வாப்பா அங்கே தொழில் பழகினவர். வீட்டில் அந்தப் பெயரை யாராவது எடுத்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்தேன். குழாயைத் திறக்கவே இல்லை.

மேசன் மச்சான்:
மன்னிக்கவும், எனக்குக் கதை சொல்ல வராது. சுனாமிக்குப் பிறகு மூன்று வருடம் வீடு கட்டினேன். அப்புறம் கட்டார் போக இன்டர்வியூ. சுவர் எழுப்பிக் காட்டினேன், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. “சேர்ட்டிபிகேட்?” என்றார்கள். இல்லை. சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள்.

அதனால் தம்பிமாருக்குச் சொல்கிறேன். கைத்தொழில் தெரிந்திருந்தால் திரும்பக் கோர்ஸ் படிக்கத் தேவையில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. செய்த வேலைக்கான ஆதாரத்தையும் படங்களையும் கொண்டுபோனால் மதிப்பீட்டாளர் செய்து காட்டச் சொல்வார், சரியென்றால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை கிடைக்கும். மொத்தம் ஏழு மட்டம். நாலு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு டிகிரி. வெளிநாடு போகிறவன் மூன்றோ நாலோ இல்லாமல் விமானம் ஏறக்கூடாது. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995இலிருந்தே இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். தனியார் இடம் என்றால் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். போர்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பேப்பர் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப் போகிறதா பாருங்கள், ஒரு எழுத்துக்காக எத்தனை பேர் அலைந்தார்கள்.

டைப்பிங் அக்கா:
மேசன் தம்பி, யாரும் கேட்கவில்லையே! ஆனால் என் மகனுக்கு அனுப்பிவிட்டேன்.

வாவிக்கரையான், அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்கவே இல்லையா?

வாவிக்கரையான்:
இல்லை அக்கா. அந்தக் கொப்பியில் என் பெயரும் இருந்தது. காலையில் பதிந்துவிட்டுப் போனவன் பின்னேரம் திரும்பும்போது பெயர் இருக்க வேண்டும். அன்றைக்குச் சரியான காற்று.