என்ன படிப்பது என்று தெரியாமலே கல்லூரியில் சேர்ந்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

தருமபுரி அப்பா:
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நாலும் உள்ள குரூப். கட்-ஆஃப் 178.5. இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தாயிற்று, அடுத்த வாரம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரி, கிளைகளை வரிசையாகப் பதிய வேண்டும். இந்த நேரத்தில் "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று கேட்டால் "தெரியலப்பா" என்கிறாள். சோம்பேறித்தனத்தில் சொல்லவில்லை. ரத்த ஓட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுப்பாள், அப்புறம் ராத்திரி பதினொரு மணி வரை ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பாள். என் மச்சான் கம்ப்யூட்டர் போடு என்கிறார், பக்கத்து வீட்டில் நர்சிங் என்கிறார்கள். நான் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன், கல்லூரியில் படித்ததில்லை. இவளைப் போலத் தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அறிவுரையைவிட நடந்ததைச் சொன்னால்தான் எனக்கு உதவும்.

அரியலூர் தம்பி:
அண்ணா, நான் 2021 கவுன்சிலிங். எனக்கும் எதுவும் தெரியாது. எல்லாரும் சொன்னதால் பட்டியலில் முதல் முப்பது இடத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸையே போட்டேன், கல்லூரி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று. நம் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள், காலியாக இருக்கிற முதல் இடம் நமக்கு வந்துவிடும். கீழே எவ்வளவு நல்ல கல்லூரி இருந்தாலும் அதுவரை போகாது. வரிசைதான் முடிவு என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பதினெட்டாவதாகப் போட்ட கல்லூரி வந்தது.

நான் சேர்ந்தபோது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் முதல் பருவத்தில் எந்தக் கிளை எடுத்தாலும் பாடம் ஒன்றாகத்தான் இருந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான். எனக்கு பைத்தான் லேபில் மனசு ஒட்டவே இல்லை. இரண்டாம் பருவத்தில் வெல்டிங், தச்சு வேலை எல்லாம் வரும் பிராக்டிஸஸ் லேப். அங்கே போனால் வெளியே வர மனசு வராது. நான் போட்ட பற்றவைப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு லேப் அண்ணன் கேட்டார், "தம்பி, நீ எந்த டிபார்ட்மென்ட்?" சொன்னேன். "மெக்கானிக்கலுக்கு மாத்திக் கேட்டுப் பாரேன்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கலே இல்லை. ஆள் சேரவில்லை என்று முந்தின வருடம்தான் மூடியிருந்தார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் கம்ப்யூட்டர் சார்ந்த மூன்று கிளைகள், ஒரு எலக்ட்ரானிக்ஸ்.

கிளை மாற விதி இருக்கிறதா என்று எல்லாரும் விசாரிப்பார்கள். மாறிப் போக அங்கே வேறு கிளை இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. இன்று ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையில் இரும்பைக் கணினி வழியாக வெட்டிக் கடையும் சி.என்.சி. எந்திரத்துக்கு புரோகிராம் எழுதுகிறேன். சுற்றி வளைத்து இரும்புக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டேன், ஆனால் அந்த நாலு வருடம் எனக்கு வலித்தது. அதனால் சொல்கிறேன். முடிவெடுக்காத பிள்ளைக்கு நாலைந்து வெவ்வேறு துறைகள் உயிரோடு நடக்கிற கல்லூரி வேண்டும். கிளையைப் பிறகு பாருங்கள்.

திருப்பதியில் படித்தவள்:
சார், நான் 2017-இல் திருப்பதி ஐசரில் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். சேர்ந்தேன். அப்போது அது தொடங்கி இரண்டே வருடம், வகுப்பெல்லாம் தற்காலிகக் கட்டடத்தில். உங்கள் மகள் பேசுவதைக் கேட்டால் என்னைப் பார்ப்பது மாதிரியே இருக்கிறது. அங்கே அப்போது முதல் இரண்டு வருடம் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நாலையும் எல்லாரும் படித்தாக வேண்டியிருந்தது. முதன்மைப் பாடம் அதற்கப்புறம்தான். உயிரியல்தான் என்று உறுதியாகப் போனவள் நான். முதல் கணக்குத் தேர்வில் 30-க்கு 7. அழுதுகொண்டே மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சீனியர் அக்கா ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் ஃபிசிக்ஸுக்குன்னு வந்தேன், இப்ப கெமிஸ்ட்ரி. உனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, சாப்பிடு" என்றார். கடைசியில் எனக்குப் பிடித்துப்போனது கணக்குதான். பூச்சிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதைச் சமன்பாட்டில் எழுதலாம் என்று ஒரு உயிரியல் வகுப்பில் பார்த்தேன், அன்றைக்கு மனசு கணக்குப் பக்கம் திரும்பியது.

பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) நடத்துகிற நாலு வருட அறிவியல் படிப்பிலும் முதல் மூன்று பருவம் பொதுப்பாடம்தான். ஆனால் இதற்கெல்லாம் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐசருக்கு மூன்று மணி நேரம், 60 கேள்வி, பாடத்துக்கு 15. இந்த வருடம் எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். அறிவியலில் மனசு இருக்கிறவர்களுக்குத்தான் அந்த இடம். எதுவும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் அங்கே அனுப்பாதீர்கள், ஓட்டம் கடுமை.

கணக்கு டீச்சர்:
நான் அரசுக் கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன வருடம் கலந்தாய்வு நாளில் ஒரு பெண் பாட்டியோடு வந்தாள். இயற்பியல் கேட்டாள், அவள் முறை வருவதற்குள் இடம் முடிந்துவிட்டது. கணிதம் இருக்கிறதே என்றேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "இதுல அல்லைடு என்ன மிஸ்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அல்லைடு இயற்பியல்தான் என்றதும் முகம் மலர்ந்தது.

பி.எஸ்சி.யில் முதன்மைப் பாடத்தோடு அல்லைடு என்கிற துணைப்பாடமும் சேர்ந்தே வரும், கல்லூரிக்குக் கல்லூரி அது மாறும். இரண்டாவது ஆசையை அதில் உயிரோடு வைத்துக்கொள்ளலாம். எங்கள் கல்லூரியில் வகுப்பு தொடங்கிய சில வாரத்துக்குள், காலியிடம் இருந்தால், துறை மாற்றிக்கொடுக்கிறோம். அதுவும் கேட்டால்தான் தெரியும். பட்டம் எதுவானாலும் குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுதலாம் என்பதையும் பாட்டியிடம் சொன்னேன். அவர் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், விட்டுவிடாதீர்கள்.

வேலூர் அம்மா:
ஒன்றே ஒன்று. கல்லூரியைப் பார்க்க வேலை நாளில் போங்கள், வரவேற்பறையோடு திரும்பாதீர்கள். சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். என் பையனுக்கு அங்கேதான் உண்மை தெரிந்தது.

தருமபுரி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. ஐசர் தேர்வை அவள் எழுதவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு இரண்டு கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். வேலூர் அம்மா சொன்னபடி பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நான் தள்ளி நின்றுகொண்டேன். பயோமெடிக்கல் படிக்கிற ஒரு பெண்ணிடம் நாற்பது நிமிடம் பேசினாள், இரண்டு பஸ்ஸை விட்டோம். இதயத் துடிப்பைப் பதிவு செய்து அதில் கணக்குப் போடுவார்களாம்.

ராத்திரி பட்டியலைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். பயோமெடிக்கல், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், பயோடெக்னாலஜி எல்லாம் நடக்கிற கல்லூரிகள் மேலே, ஒரே மாதிரி கிளைகள் மட்டும் இருக்கிறவை கடைசியில். இதுவரை 41 ஆகியிருக்கிறது. அரசுக் கல்லூரியில் கணிதத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், அல்லைடு என்ன என்று அவளே போன் பண்ணிக் கேட்டாள்.

இன்று காலையில் மறுபடி கேட்டேன். "இன்னும் தெரியலப்பா. ஆனா எங்க போய்த் தெரிஞ்சுக்கணும்னு தெரியும்" என்றாள். அலாட்மென்ட் வந்ததும் எழுதுகிறேன்.