அஃபிலியேட் நெட்வொர்க் 3 மாதக் கமிஷனைத் தரவில்லை: ரூ.1,86,400-ஐ எப்படி வாங்குவது?

கூப்பன்கடை_சேலம்

வணக்கம். கூப்பன், டீல் போடும் தளம் ஒன்று நடத்துகிறேன். இந்தியாவில் பதிவான ஒரு அஃபிலியேட் நெட்வொர்க் (கடைகளுக்கும் எங்களைப் போன்ற தளங்களுக்கும் நடுவே நின்று, விற்பனைக்குக் கமிஷன் தரும் நிறுவனம்) வழியாக நான்கு ஷாப்பிங் தளங்களுக்கு ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. வரவேண்டியது: 2025 பிப்ரவரி ரூ.71,250, மார்ச் ரூ.64,900, ஏப்ரல் ரூ.50,250. ஆக ரூ.1,86,400. மூன்று மாதமும் டாஷ்போர்டில் ‘அப்ரூவ்டு’ ஆகிவிட்டது, ‘பெய்டு’ ஆகவில்லை. அப்ரூவ் ஆனதிலிருந்து 60 நாளில் பணம் என்பது அவர்கள் விதி.

முதலில் “ஃபைனான்ஸில் இருக்கிறது” என்றார்கள். பிறகு “அட்வர்டைசர் எங்களுக்கே தரவில்லை” என்றார்கள். இப்போது டிக்கெட் போட்டால் பதிலே இல்லை, அக்கவுன்ட் மேனேஜரும் வேலையை விட்டுவிட்டார். என்னிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லை (ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள்). உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) 2024 ஆகஸ்டில் எடுத்தது. எங்கே தொடங்குவது? போலீஸா, கன்ஸ்யூமர் கோர்ட்டா, வக்கீல் நோட்டீஸா?

வலைக்கணக்கு

மூன்றுமே அப்புறம். இன்னொரு மெயில்கூட அனுப்பாமல், முதலில் டாஷ்போர்டில் இருப்பதை எல்லாம் இறக்கி வையுங்கள். கடுமையாக ஒரு மெயில் போனதும் லாகின் பூட்டப்படலாம். அதைவிட மோசம், ‘அப்ரூவ்டு’ வரிகள் சத்தமில்லாமல் ‘ரிஜெக்டட்’ ஆகிவிடுவது. பழைய ஃபைல் கையில் இல்லையென்றால், அது என்றைக்காவது அப்ரூவ் ஆகியிருந்தது என்று உங்களால் காட்டவே முடியாது.

மாத மொத்தம் காட்டும் சம்மரி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துவைப்பது எல்லோரும் செய்யும் தவறு. “போலி டிராஃபிக்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மொத்தத்துக்கு மதிப்பில்லை. கன்வெர்ஷன் (கிளிக் விற்பனையாக மாறியது) ரிப்போர்ட்டை சிஎஸ்வி-யாக (எக்செல்லில் திறக்கும் பட்டியல் ஃபைல்) எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கன்வெர்ஷன் ஐடி, கிளிக் ஐடி (ஒவ்வொரு கிளிக்குக்கும் விழும் எண்), சப்ஐடி (எங்கிருந்து வந்த கிளிக் என்று நீங்கள் போடும் குறி), ஆர்டர் தேதி, ஆர்டர் மதிப்பு, கமிஷன், நிலை, நிலை மாறிய தேதி இவ்வளவும் வேண்டும். உங்கள் சர்வரில் போஸ்ட்பேக் லாக் (விற்பனை நடந்ததும் நெட்வொர்க் அனுப்பும் தகவலின் பதிவு) இருந்தால் அதே கிளிக் ஐடியை வைத்து இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். இரண்டும் பொருந்தும் வரிகளை அவர்களால் சுலபத்தில் மறுக்க முடியாது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது எண்ணை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முகவரிப் பட்டை, உங்கள் பப்ளிஷர் ஐடி, கணினியின் தேதி மூன்றும் தெரிய முழுத் திரையாக இருக்க வேண்டும். விதிமுறைப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குங்கள். வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளம்) நீங்கள் சேர்ந்த காலத்துப் பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள், நடுவில் மாற்றியிருப்பார்கள். மெயில்களை பிரிண்ட் எடுப்பதோடு நிறுத்தாமல் இஎம்எல் ஃபைலாகவும் சேமியுங்கள், ஹெடர் அதில்தான் முழுதாக இருக்கும்.

பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்துவையுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) வந்துவிட்டது. மின்னணு ஆவணத்துக்கு அதன் 63-ஆம் பிரிவில் கேட்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும். ஃபைலை எக்செல்லில் திறந்து ஒருமுறை சேவ் செய்தாலே ஹேஷ் மாறிவிடும். மூலத்தைத் தொடாமல், நகலில் வேலை பாருங்கள்.

அடுத்தது டிராஃபிக்கை நிறுத்துவது. லிங்க் எல்லாம் உங்கள் டொமைனின் ரீடைரக்ட் வழியாகப் போகிறதென்றால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நெட்வொர்க் லிங்கை நேரடியாக ஒட்டியிருந்தால் டேட்டாபேஸில் தேடி மாற்ற வேண்டும். டெலிகிராமில் பின் செய்த பதிவுகளும் யூடியூப் விவரப் பகுதியும் பலருக்கும் விட்டுப்போகும் இடங்கள். இன்று வரும் ஆர்டரும் வராக்கடனில்தான் சேரும்.

கூடவே அந்த நான்கு பிராண்டுகளின் அஃபிலியேட் குழுவுக்கும் தனித்தனி மெயில். பணம் கேட்காதீர்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. இரண்டே கேள்வி: இந்த மாதங்களின் ஆர்டர்களை வேலிடேட் செய்துவிட்டீர்களா? நெட்வொர்க்குக்குப் பணம் போய்விட்டதா? “கொடுத்துவிட்டோம்” என்று ஒரு வரி வந்தால் ‘அட்வர்டைசர் தரவில்லை’ என்ற சாக்கு அங்கேயே முடிந்தது. நேரடி புரோகிராம் இருக்கிறதா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடலாம்.

தணிக்கை_தென்காசி

வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ்-ஐ (உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியின் பட்டியல்) திறந்து அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டிய நேரம், பணம் கொடுப்பது அல்லது கணக்கில் வரவு வைப்பது, எது முந்தியோ அது. ஆகவே பணம் தராமலேயே பிடித்தம் மட்டும் கட்டியிருக்க வாய்ப்புண்டு. ‘பெய்டு / கிரெடிட்டட்’ என்ற கட்டத்தில் 71,250, பக்கத்தில் 1,425 என்று இருந்தால், அது கமிஷனுக்கான 194எச் பிரிவில் 2% (2024 அக்டோபர் 1-க்கு முன் 5%). சில நெட்வொர்க்குகள் விளம்பர ஒப்பந்தமாகக் கருதி 194சி-யில் தனிநபருக்கு 1% பிடிக்கும். எதுவானாலும், ‘உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று அவர்களே அரசிடம் சொன்னதாக அது நிற்கும். அதை மட்டும் வைத்துக் கடன் நிரூபணமாகிவிடாது. டாஷ்போர்டு ஃபைலோடு சேரும்போது கனமான சாட்சி. 26ஏஎஸ்-ல் பதிவு இல்லை என்பதற்காகக் கடன் இல்லை என்றும் ஆகாது.

உத்யம் பதிவு இருப்பதால் இன்னும் மூன்று பிடி கிடைக்கிறது. எம்எஸ்எம்இடி சட்டம் 2006 (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம்), பிரிவு 15: ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. உங்கள் 60 நாள் விதி அங்கேயே அடிபடுகிறது. 24-ஆம் பிரிவு, முரணான மற்றதையெல்லாம் இந்தச் சட்டம் மீறி நிற்கும் என்கிறது. ‘அட்வர்டைசர் கொடுத்தால்தான் நான் கொடுப்பேன்’ என்ற ஷரத்துக்கும் இதுவே பதில்.

இரண்டாவது, 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்). 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மூன்றாவது, 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளரிடம் எம்எஸ்எம்இ படிவம் 1 தாக்கல் செய்ய வேண்டும். சப்போர்ட் டிக்கெட்டைப் படிப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. மெயிலை ஃபைனான்ஸ் தலைவருக்கும், எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனி விவரத்தில் உள்ள மெயில் முகவரிக்கும், உத்யம் சான்றிதழை இணைத்து அனுப்புங்கள். நீங்கள் குறுநிறுவனம் என்பதே அவர்கள் புத்தகத்தில் ஏறாமல் இருக்கலாம். ஏறிவிட்டால் அவர்களுடைய ஆடிட்டரே கேட்கத் தொடங்குவார்.

பிரிவு 16-ன்படி வட்டி, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 5.5% என்று வைத்தால் ஆண்டுக்கு 16.5%, மாதம் 1.375%. ரூ.1,86,400-க்கு 8 மாதத்தில் ஏறக்குறைய ரூ.21,500. ரெப்போ ரேட்டை எடுத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், பேங்க் ரேட் வேறு. மூன்று மாதத்துக்கும் கெடு நாள் வேறு வேறு என்பதால் மூன்று தனி அட்டவணை போடுங்கள்.

கூப்பன்கடை_சேலம்

மிக்க நன்றி சார். பார்த்துவிட்டேன்: பிப்ரவரி, மார்ச் இரண்டும் 26ஏஎஸ்-ல் இருக்கிறது, ஏப்ரல் இல்லை. சிஎஸ்வி எடுத்தாயிற்று. இன்வாய்ஸ் என்று நான் எதுவும் அனுப்பியதில்லை, நெட்வொர்க்கே உருவாக்கிக்கொள்ளும். அது தடையாகுமா?

வழக்குமேசை

தடையாகும், ஆனால் சரிசெய்யலாம். டாஷ்போர்டில் அவர்கள் உருவாக்கிய இன்வாய்ஸ் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கும் இன்றைய தேதியில் தனித்தனி இன்வாய்ஸ் போட்டு மெயிலில் அனுப்புங்கள். தேதியைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். எந்த மாதச் சேவை என்பதை விவரத்தில் எழுதினால் போதும்.

அதைவிட முக்கியமான கேள்வி: அந்த நெட்வொர்க்கில் எப்போது சேர்ந்தீர்கள்? மஹாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்க, ஒப்பந்தம் செய்த நாளில் குறு, சிறு நிறுவனப் பதிவு இருந்திருக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு இதில் மாறுபட்டு, மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. நீங்கள் 2024 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்திருந்தால் இந்தத் தகராறுக்கே இடமில்லை. சேர்ந்த நாளில் வந்த வரவேற்பு மெயிலைத் தேடி எடுத்துவையுங்கள்.

கேட்ட மூன்றுக்கும் பதில். கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது: நீங்கள் இங்கே சேவை கொடுத்தவர், வாங்கியவர் அல்ல. போலீஸ், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல் இதை சிவில் தகராறு என்றுதான் சொல்லும். முன்பு ஒழுங்காகப் பணம் கொடுத்தவர்கள் என்றால் அந்த எண்ணத்தைக் காட்டுவது கஷ்டம். நோட்டீஸ் தேவை.

நோட்டீஸில் கதை வேண்டாம். பப்ளிஷர் ஐடி, மாதவாரித் தொகை, அப்ரூவ் ஆன தேதி, 45-ஆம் நாள் எது, இன்றுவரை வட்டி, உத்யம் எண், வங்கிக் கணக்கு, 15 நாள் கெடு; தராவிட்டால் எம்எஸ்எம்இடி சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி குறு, சிறு நிறுவன வசதிக் கவுன்சிலுக்குப் போவேன் என்ற ஒரு வரி. இரண்டு பக்கம் தாண்டக்கூடாது. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள்; வெப்சைட்டில் போட்டிருக்கும் கோ-வொர்க்கிங் முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்டரில் பதிவு வசதியும் டெலிவரி சான்றும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கெடு முடிந்ததும் அந்தக் கவுன்சில் (இப்படிப்பட்ட பாக்கிகளைத் தீர்க்க மாநில அரசு அமைத்தது). மனு ஆன்லைனில்தான்; சமாதான் தளம் 2017-லிருந்து இருக்கிறது, 2025 ஜூனில் ஓடிஆர் (ஆன்லைன் தகராறு தீர்வு) தளமும் தொடங்கியது. வாங்கியவர் குருகிராமில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், கொடுத்தவர் இருக்கும் ஊரின் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு (பிரிவு 18(4)). ‘டெல்லியில் மட்டுமே ஆர்பிட்ரேஷன்’ (நடுவர் விசாரணை) என்ற ஷரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதையும் அதே 2022 தீர்ப்பு தீர்த்துவிட்டது. முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் ஆர்பிட்ரேஷன். சட்டம் 90 நாள் என்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பு வந்தபின் அதை எதிர்க்க அவர்கள் 75% தொகையை முதலில் கட்டியாக வேண்டும். பல கம்பெனிகள் சமரசக் கட்டத்திலேயே இறங்கி வருவதற்கு இந்த 19-ஆம் பிரிவுதான் காரணம் என்பது என் எண்ணம்.

நடுவில் ஒரு கண்ணி வரும். ரூ.60,000 போட்டுவிட்டு “முழுக் கணக்கும் தீர்ந்தது என்று பதில் மெயில் அனுப்புங்கள்” என்பார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அன்றே எழுதுங்கள்: “ரூ.60,000 பகுதித் தொகையாகப் பெறப்பட்டது. மீதியும் வட்டியும் பாக்கி.” வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தீர்ப்பை நிறைவேற்றும்போது பிராண்டுகளுக்குப் போட்ட மெயில் மறுபடி உதவும். எந்த பிராண்ட் நெட்வொர்க்குக்கு இன்னும் பணம் தர வேண்டியிருக்கிறதோ, அந்தப் பணத்தையே மறித்து உங்களுக்குத் தரச்சொல்ல சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 46ஏ-யில் வழி இருக்கிறது.

தேன்கூடு_லிங்க்

எனக்கும் இதே நிலைமை அண்ணே, ஆனால் உத்யம் பதிவு இல்லை. இன்னொரு பாக்கி லண்டன் கம்பெனியிடம், 1,140 பவுண்ட். இரண்டுக்கும் வழி உண்டா?

வழக்குமேசை

உத்யம் இன்றைக்கே எடுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. ஆனால் அது இனி வரும் வேலைக்குத்தான் உறுதியான துணை. பழைய பாக்கிக்கு சிவில் கோர்ட். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து தொகையும் நிச்சயமாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-ன் கீழ் சுருக்க வழக்கு போடலாம். அதில் எதிராளி அனுமதி வாங்கித்தான் எதிர்வாதம் செய்ய முடியும். ரூ.3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் முன்கூட்டிய மத்தியஸ்தம் கட்டாயம். காலக்கெடு மூன்று ஆண்டு, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் தனியாக ஓடும்.

வலைக்கணக்கு

லண்டன் கம்பெனிக்கு: கம்பெனீஸ் ஹவுஸ் (பிரிட்டனின் கம்பெனிப் பதிவகம்) தளத்தில் பெயரைப் போட்டு நிலையைப் பாருங்கள், இலவசம். ‘ஆக்டிவ்’ என்றால் விதிமுறையில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டியிருக்கும். 1,140 பவுண்டுக்கு வக்கீல் செலவு கட்டுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். ‘லிக்விடேஷன்’ (கம்பெனியைக் கலைப்பது) என்றால் தி கெஜட்டில் (பிரிட்டன் அரசிதழ்) அதை நடத்தும் லிக்விடேட்டர் பெயர் இருக்கும், அவருக்கு கடன் நிரூபணப் படிவத்தையும் சிஎஸ்வி-யையும் அனுப்புங்கள். அடமானம் இல்லாத கடன் என்பதால் பவுண்டுக்குச் சில பென்ஸ்தான் வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். அமெரிக்கக் கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போயிருந்தால் படிவம் 410 (கடன் கோரிக்கைப் படிவம்), கோர்ட் சொன்ன கடைசித் தேதிக்குள்.

சேலத்துக்காரர் எம்சிஏ தளத்தில் அந்தக் கம்பெனியின் நிலையை வாரம் ஒருமுறை பாருங்கள். பெயரை நீக்கக் கேட்டு அவர்களே விண்ணப்பித்திருந்தால், பொது அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் பதிவாளரிடம் ஆட்சேபம் எழுத வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கியிருந்தால் கவுன்சில் மனுவும் வழக்கும் நின்றுவிடும். அப்போது ஐபிபிஐ (இந்தியத் திவால் வாரியம்) தளத்தில் வரும் அறிவிப்பைப் பார்த்துப் படிவம் பி-யில் கோரிக்கை அனுப்ப வேண்டும், கடைசித் தேதி அந்த அறிவிப்பிலேயே இருக்கும். நீங்களாகத் திவால் மனு போட முடியாது, அதற்குக் குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும்.

இன்னொன்று. “20% முன்பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்” என்று டெலிகிராமில் இன்பாக்ஸுக்கு வருபவர்களிடம் டாஷ்போர்டு பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே போய் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டால், பாக்கி வரும்போது அது அவர்களுக்குத்தான் போகும்.

கூப்பன்கடை_சேலம்

வரவேற்பு மெயில் கிடைத்துவிட்டது, தேதி 2024 நவம்பர். உத்யம் எடுத்த பிறகுதான். இன்வாய்ஸ் மூன்றும் இன்று இரவு போகிறது, நோட்டீஸ் திங்கட்கிழமை.