காலேஜ் மொட்டைமாடி டெலஸ்கோப்பை ஊர் ஜனங்களுக்கு திறந்து விடணும், எந்த நாள் வைக்கலாம்?

மாடிவானம்:
எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி பிசிக்ஸ் செகண்ட் இயர் படிக்கிறேன். எங்க டிபார்ட்மென்ட் மொட்டைமாடியில ஒரு சின்ன டோம், உள்ள 6 இன்ச் ரிஃப்ளெக்டர் (கண்ணாடி வச்ச டெலஸ்கோப்), ரொம்ப வருஷமா பூட்டியே கிடந்துச்சு, இந்த மாசம் தான் சார்கிட்ட கேட்டு சாவி வாங்கினோம். டோம் தள்ளினா சுத்துது, டெலஸ்கோப்பை வானத்தோட சேர்த்து நகர்த்துற மவுண்ட் மோட்டார் தான் ஓடல. மாசம் ஒரு நாள் எங்க பசங்களுக்கும் பக்கத்து தெரு ஜனங்களுக்கும் வானத்தை காட்டணும்னு ரொம்ப ஆசை. பௌர்ணமிக்கு வச்சா நிலா நல்லா தெரியும்ங்கிறாங்க, சரியா?

அறுமீன்:
பௌர்ணமி வேண்டவே வேண்டாம்ங்க. அன்னைக்கு வெயில் நிலா மேல நேரா விழும், நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு மாதிரி கண்ணு கூசும் அவ்வளவுதான். தினசரி காலண்டர்ல வளர்பிறை சப்தமி அஷ்டமி பாருங்க, பாதி நிலா, பொழுது சாயும்போதே உச்சிக்கு பக்கத்துல இருக்கும், ராத்திரி பத்து மணி வரைக்கும் தாராளமா காட்டலாம். வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோடு இருக்கு பாருங்க, அங்க அப்போ தான் சூரியன் உதிக்குது, அதனால பள்ளத்தோட கரை நிழல் நீளமா விழுந்து ஒவ்வொரு குழியும் தனித்தனியா எழும்பி நிக்கும். நாங்க ஒரு தடவை காட்டினப்போ ஒரு பாட்டி ஐபீஸை (கண்ணை வச்சு பார்க்குற லென்ஸ்) விட்டு நகரவே இல்ல, "பணியாரக் கல்லாட்டம்ல இருக்கு"ன்னாங்க. அதை விட நல்லா நான் இதுவரைக்கும் யாருக்கும் விளக்கினதில்ல.

மோட்டார் இல்லைன்னு கவலைப்படாதீங்க, 25 எம்எம் ஐபீஸ் போடுங்க, அதுல வானம் அகலமா தெரியும், ரெண்டு மூணு பேர் பார்த்ததும் கையால லேசா நகர்த்தினா போதும். நிலா நழுவுறது பூமி சுத்துறதால தான்னு பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க. அப்புறம் கைப்பிடி வச்ச ஸ்டூல் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

கேட்டை:
மொதல்ல டெலஸ்கோப் உள்ள இருக்குற கண்ணாடியை பாருங்க. தூசி இருந்தாலும் கர்ச்சீப் வச்சு துடைச்சிடாதீங்க, மேல இருக்குற அலுமினிய பூச்சு ரொம்ப மெல்லிசு, கீறல் விழுந்தா போச்சு, ரப்பர் பல்பு ப்ளோயரால ஊதுங்க. ஈரத்தோட மூடி போட்டா பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் வச்சு மூடுங்க. நம்ம ஊர் கான்கிரீட் மாடி பகல் சூட்டை ராத்திரி வரைக்கும் விடும், அந்த சூட்டுல படம் கானல் மாதிரி ஆடும், அதனால டோம் கதவை சாயங்காலமே திறந்து வைங்க. ஆனா சூரியன் மறையுற வரைக்கும் டெலஸ்கோப் மூடியை எடுக்கக் கூடாது. யாராவது தெரியாம சூரியன் பக்கம் திருப்பி கண்ணை வச்சுட்டா பார்வையே போயிடும், இதுல விளையாட்டே கூடாது.

சுவாதிக்காரன்:
நிலாவோட நிறுத்தாதீங்க, வர்றவங்க கிட்ட உங்க நட்சத்திரம் என்னன்னு கேளுங்க. ரோகிணின்னா மாசி மாசம் முன்னிரவுல உயரத்துல செம்மஞ்சளா நிக்கும், சுவாதியோட வெளிச்சம் சுமார் 37 வருஷம் முன்னாடி கிளம்பினது. பேரை மட்டும் ஜாதகத்துல பார்த்தவங்க அதை நேர்ல பார்க்கும்போது அவங்க முகத்தை பாருங்க, எனக்கு இதுக்காகவே ஒவ்வொரு மாசமும் போகணும்னு தோணும்.

முடிஞ்சா ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகம் போயிட்டு வாங்க, பொதுமக்களுக்கு அனுமதி உண்டு, முன்கூட்டி நேரம் கேட்டுக்கோங்க. 1977ல யுரேனஸ் வளையத்தை கண்டுபிடிச்சதுல அங்க இருக்குற 1 மீட்டர் டெலஸ்கோப்புக்கும் பங்கு இருக்கு.

மாடிவானம்:
ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். அஷ்டமியில எதையும் ஆரம்பிக்க கூடாதுன்னு எங்க ஆயா சொல்லிட்டாங்க, அதனால சப்தமிக்கே வச்சாச்சு. ஆயாவுக்கு ரோகிணி. ஸ்டூல் லேப்ல கிடைச்சுது, கைப்பிடி மட்டும் வெல்டிங் வைக்கணும்.