எக்செல் ஹெடரை மேக்ரோவிடம் விட்டவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

தணிக்கை ஆபீஸ்காரர்:

மார்ச் முடிந்தால் எங்கள் ஆபீஸில் பிரிண்டருக்கு ஓய்வே கிடையாது. கிளையன்ட்டுக்கு ஒரு எக்செல் கோப்பு. அதில் இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், கடனாளிகள் பட்டியல் என்று ஷீட் ஷீட்டாகப் போகும். எல்லாத் தாளின் தலையிலும், அதாவது ஹெடரில், கிளையன்ட் பெயரும், '31.3.2025 அன்று உள்ளபடி' என்ற வரியும் வந்தாக வேண்டும். ஹெடருக்குள் ஃபார்முலா போட எக்செல் விடாது. தேதி போடத்தான் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அது பிரிண்ட் எடுக்கிற நாளைத்தான் போடும், கணக்கு முடிந்த நாளைப் போடாது.

அதனால் மேக்ரோவிடம் (எக்செல் தானாகச் செய்யும்படி எழுதி வைக்கும் சிறு நிரல்) விட்டுவிட்டேன். முதல் ஷீட்டில் ஏ1-இல் பெயர், ஏ2-இல் தேதி வரி. கோப்பு முழுவதற்குமான நிரல் பகுதியான 'திஸ்வொர்க்புக்'கில், பிரிண்டுக்கு முன் ஓடும் 'பிஃபோர்பிரிண்ட்' நிகழ்வுக்குள், ஷீட் ஷீட்டாகச் சுற்றிவர ஒரு 'ஃபார் ஈச்'. ஒவ்வொரு ஷீட்டின் 'சென்டர்ஹெடர்' (நடு ஹெடர்) பண்புக்கும் அந்த இரண்டு செல்லில் இருப்பது போய் உட்காரும். மொத்தமே நாலைந்து வரிதான். பிரிண்ட் கொடுத்தாலும் பிரிவியூ பார்த்தாலும் தானாக ஓடும்.

இதில் வேடிக்கை ஒன்று நடந்தது. ஒரு அப்பா-மகன்கள் வியாபாரம். பெயரை ஆங்கிலத்தில், & குறிக்கும் 'சன்ஸ்' என்ற சொல்லுக்கும் நடுவே இடம் விடாமல் எழுதுவார்கள். ஹெடரில் & என்பது கட்டளைக் குறி; அதையொட்டி எஸ் எழுத்து வந்தால் 'இனி வருவதைக் குறுக்கே அடி' என்று அர்த்தம். எஸ் காணாமல் போய், மிச்ச எழுத்தெல்லாம் கோடு போட்டு அடித்தபடி வந்தது. பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், என் பையனுங்களை அடிச்சுட்டீங்களே!" என்றார். ஏ1-ஐ ஹெடருக்கு அனுப்பும் முன் 'ரீப்ளேஸ்' போட்டு, ஒற்றை &-ஐ இரட்டை && ஆக்கிவிட்டால் பெயர் ஒழுங்காக வரும். நம் ஊரில் பாதிக் கடைப்பெயரில் இந்தக் குறி இருக்கிறது, மறக்க வேண்டாம்.

பள்ளித் தேர்வுப் பிரிவு:

சார் சொன்ன செல் முறைதான் எங்களுக்கும் கைகொடுத்தது, ஆனால் காரணம் வேறு. எங்கள் மதிப்பெண் பட்டியலின் தலைப்பு தமிழில்தான் இருக்க வேண்டும். மேக்ரோ எழுதும் இடமான விபிஏ எடிட்டரில் தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வருகிறது. அந்த எடிட்டர் யூனிகோடு தெரியாத காலத்துச் சரக்கு. விண்டோஸின் பழைய கோட்பேஜை (மொழிக்கு மொழி இருந்த எழுத்து-எண் பட்டியல்) நம்பி ஓடுகிறது, தமிழுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. 'சிஎச்ஆர்டபிள்யூ' (ChrW) போட்டு எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கலாம் என்றார்கள். பள்ளியின் பெயரை அப்படி எழுதி முடிப்பதற்குள் அரையாண்டுத் தேர்வே வந்துவிடும்! தமிழைச் செல்லில் அடித்து, மேக்ரோவை அங்கிருந்து எடுக்கச் சொன்னால் எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் வருகிறது.

இன்னொன்று. எழுத்தளவு 14 என்று குறி கொடுத்து, ஒட்டியபடியே 2025-26 என்று தொடங்கினால் ஆண்டையும் அளவோடு சேர்த்தே படித்துவிடுகிறது. நடுவில் ஒரு இடைவெளி விடுங்கள்.

குடோன் கணக்கு:

அண்ணா, எங்களுக்கு வேகம்தான் தலைவலி. ரிக்கார்டர் (நாம் செய்வதைப் பார்த்து எக்செல்லே மேக்ரோ எழுதிக்கொள்ளும் வசதி) வைத்து மேக்ரோ பதிந்த கோப்பு ஒன்று முன்பு இருந்தவரிடமிருந்து கைமாறி வந்தது. ஹெடரை மட்டும் மாற்றினாலும் மார்ஜின், தாள் அளவு, கிடை நெடுவாக்கு என்று பேஜ்செட்டப்பில் உள்ள அத்தனையையும் ரிக்கார்டர் எழுதி வைத்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எக்செல் பிரிண்டர் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கூப்பிட்டுக் கேட்கும். நெட்வொர்க் பிரிண்டர் வேறு. பட்டனை அழுத்திவிட்டு லாரி இறக்குவதைப் பார்க்கப் போய்விடலாம், அவ்வளவு நேரம்.

தேவையில்லாத வரிகளை அழித்ததிலேயே பாதிப் பிரச்சினை போனது. அப்புறம் மேலே 'அப்ளிகேஷன்.பிரிண்ட்கம்யூனிகேஷன்' ஃபால்ஸ், எல்லாம் முடிந்ததும் ட்ரூ. நடுவில் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் டிரைவரிடம் சொல்லிவிடும். எக்செல் 2010-இலிருந்துதான் இது உண்டு. எங்கள் எடைமேடை அறையில் இருக்கும் 2007-இல் எரர் அடிக்கிறது. அதற்காக அங்கே மட்டும் அந்த இரண்டு வரி இல்லாத கோப்பைத் தனியாக வைத்திருக்கிறோம்.