கைப்பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவா, எடையா?

பென்னாகரம் இளைஞன்:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சேலத்திலிருந்து ஐதராபாத்துக்கு நிறுவனப் பயிற்சிக்குப் போகிறேன். அது முடிந்த மூன்று வாரத்தில், சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து கிளம்புகிறேன். இரண்டு பயணத்துக்கும் ஒரே கைப்பெட்டி போதும் என்று தருமபுரி கடைத்தெருவில் நான்கு சக்கரம் வைத்த கடினப் பெட்டி ஒன்றை வாங்கினேன். 'இருபது இஞ்ச், எல்லா விமானத்திலும் ஏறும்' என்று கடைக்காரர் சொன்னார். இருபது இஞ்ச் என்றால் 50.8 செ.மீ. தானே என்று நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தால் உயரம் 57, அகலம் 37, கனம் 24 என்று வருகிறது. ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாற்றிவிடலாமா, இல்லை இந்தச் சில சென்டிமீட்டரை யாரும் பார்க்க மாட்டார்களா?

ஊத்தங்கரை ஆசிரியர்:
மாற்றிவிடுங்கள், தம்பி. கடைகளில் சொல்லும் இருபது இஞ்ச் பெரும்பாலும் பெட்டியின் உடலுக்கு மட்டும் உரிய கணக்கு. கீழே சக்கரம் நாலரை செ.மீ., மேலே கைப்பிடி ஒன்றரை செ.மீ. என்று சேர்த்தால் நீங்கள் அளந்த 57 வந்துவிடும். விமான நிறுவனங்களோ சக்கரம், கைப்பிடி, பக்கத்துப் பை எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கின்றன. இண்டிகோவின் வரம்பு 55×35×25 செ.மீ., எடை 7 கிலோ. அந்தக் கணக்குப்படி உங்கள் பெட்டி உயரத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு செ.மீ. கூடுதல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்கத்தையும் கூட்டி 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. உங்களுடையது 118.

ஆனால் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அளவைப் பற்றி அல்ல, எடையைப் பற்றி. வெறும் பெட்டி எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்த்தீர்களா? வீட்டு எடை எந்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி, வித்தியாசத்தை எழுதுங்கள்.

பென்னாகரம் இளைஞன்:
பார்த்துவிட்டேன் ஐயா. 3.2 கிலோ வருகிறது.

ஊத்தங்கரை ஆசிரியர்:
அப்படியானால் ஏழு கிலோவில் உங்களுக்கு மிஞ்சுவது 3.8 கிலோதான். கிட்டத்தட்டப் பாதி அனுமதியைப் பெட்டியே விழுங்கிவிட்டது. சக்கரமில்லாத நல்ல துணிப்பை ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அதே வேட்டி சட்டையோடு இன்னும் இரண்டு கிலோ பொருள் வைக்கலாம். இட அளவிலும் இழப்பு உண்டு. 55×35×25 என்ற வரம்பைக் கணக்கிட்டால் 48 லிட்டர் வருகிறது. நான்கு சக்கரம் வைத்த பெட்டி அந்த வரம்புக்குள் அடங்க வேண்டுமானால் அதன் உடல் ஏறத்தாழ 50×34×22 என்று சுருங்க வேண்டும், அது 37 லிட்டர்தான். சக்கரத்துக்காகப் பதினோரு லிட்டரை விட்டுக்கொடுக்கிறோம்.

காவேரிப்பட்டணம் செவிலி:
ஆசிரியர் ஐயாவின் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கில் தூக்குகிறவரின் உடம்பு சேர்க்கப்படவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் நான் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வந்து போகிறேன். காவேரிப்பட்டணத்தில் பேருந்து ஏறி, பெங்களூரில் மாறி, நகரத்தையே குறுக்காகக் கடந்து வடக்குக் கோடியில் தேவனஹள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடுகிறது. அதன்பின் வரிசை, பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை. பல ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த என் தோளில் ஏழு கிலோ துணிப்பையை மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான்கு சக்கரப் பெட்டி பக்கத்திலேயே உருண்டு வருகிறது, ஒரு விரல் போதும்.

இன்னொன்று, கடைசி நேரத்தில் மேலே இடமில்லை என்று பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும்போது துணிப்பை நசுங்கும். கடினப் பெட்டி உள்ளே இருப்பதைக் காக்கும். எமிரேட்ஸின் சாதாரண வகுப்பு அளவு 55×38×22 செ.மீ. என்பதால், அதற்குப் பொருந்துகிற சிறிய உடல் கொண்ட கடினப் பெட்டியைத் தேடி, டேப்போடு கடைக்குப் போய் வாங்கினேன். பெட்டி வகை தவறல்ல, அளக்காமல் வாங்கியதுதான் தவறு.

ஊத்தங்கரை ஆசிரியர்:
தோள் வலி உள்ளவர் சக்கரம் தேடுவதை நான் குறை சொல்லவில்லை, அம்மா. ஆனால் தம்பியின் முதல் பயணம் சேலத்திலிருந்து என்பதை மறந்துவிட வேண்டாம். ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்து நிலையத்தில் வந்துபோவது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம். பின்பக்கக் கதவு வழியாகப் படியில் ஏற வேண்டும், அங்கே சக்கரத்துக்கு வேலை இல்லை. தலைக்கு மேலுள்ள பெட்டகமும் பெரிய ஜெட் விமானங்களில் இருப்பதுபோல் ஆழமானதல்ல. நான் போனபோது எனக்கு முன்னால் நின்றவர் தம் கடினப் பெட்டியை நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், மூடி இறங்கவே இல்லை. பின்னால் வரிசை படிவரை நின்றது. கடைசியில் பணிப்பெண் அதை வாங்கிக் கீழே அனுப்பினார். என் துணிப்பையை அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

சரக்கறைக்கு அனுப்பும்போது கடினப் பெட்டி காக்கும் என்றீர்கள். அப்படி அனுப்பும் தருணத்தில் பவர் பேங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே தீர வேண்டும், ஏனென்றால் லித்தியம் மின்கலத்தில் தீப்பிடித்தால் பயணிகள் அறையில்தான் அணைக்க ஆள் உண்டு. படிக்கட்டின் அடியில் நின்று, எண் பூட்டைத் திறந்து, பெட்டியை இரண்டாகப் பிளந்து தரையில் விரித்துத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். துணிப்பையில் வெளிப்பக்கம் ஒரு ஜிப் இருக்கும்.

காவேரிப்பட்டணம் செவிலி:
பவர் பேங்க் பற்றிய கருத்தை ஏற்கிறேன், அதை நான் தோள்பையில்தான் வைக்கிறேன். ஆனால் துணிப்பையை அழுத்தினால் உள்ளே போகும் என்பதே பலரை ஏமாற்றுகிறது. அழுத்தினால் போகும் என்று நினைத்து அளவுக்கு மீறி அடைத்து, அளவு பார்க்கும் கம்பிக்கூட்டில் அது சிக்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கடினப் பெட்டி நேற்று அளந்த அளவிலேயே இன்றும் இருக்கும்.

ஓசூர் பட்டறைக்காரன்:
பிளாஸ்டிக் வார்ப்பு வேலையில் இருப்பதால் ஒரு குறிப்பு. கடினப் பெட்டி வாங்குவதானால் ஓடு பாலிகார்பனேட்டா, ஏபிஎஸ்ஸா என்று கேளுங்கள். ஏபிஎஸ் விலை குறைவு, ஆனால் மூலையில் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் உள்வாங்கி மீண்டும் நிமிரும். நடுவில் ஓடும் இரண்டாவது ஜிப்பைத் திறந்தால் நான்கைந்து செ.மீ. விரியும் பெட்டிகளும் உண்டு. விரித்த நிலையில் அது கைப்பெட்டியே அல்ல.

பென்னாகரம் இளைஞன்:
எல்லோருக்கும் நன்றி. எந்த அளவை நம்பி வாங்குவது என்பதுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஓர் அளவு கிடையாதா?

ஊத்தங்கரை ஆசிரியர்:
கொண்டுவர முயன்றார்கள். விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா 2015 ஜூனில் 55×35×20 என்று ஒரு பொது அளவை முன்வைத்தது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. அதனால் இன்றும் ஏர் இந்தியாவுக்கு 55×40×20, ஏர் ஏசியாவுக்கு 56×36×23 என்று ஆளுக்கோர் அளவு. 55, 35, 20 ஆகிய மூன்றுக்குள்ளும் அடங்கும் ஒன்றை வாங்கினால் இங்கே சொன்ன எல்லாவற்றிலும் ஏறும். எடை வரம்பைப் பயணச்சீட்டு எடுத்ததும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ஸ்கூட் என்ற விமான நிறுவனத்தில் பத்துக் கிலோ உண்டு, ஏர் ஏசியாவில் கைப்பெட்டியும் கூடவே கொண்டுபோகும் சிறு பையும் சேர்ந்து ஏழுதான்.

அளக்கும்போது டேப்பை வளைத்து அளக்காதீர்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேலே ஒரு தடித்த கணக்கு நோட்டைப் படுக்கவைத்து, அதன் அடிவிளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடுவரை அளந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாது.

காவேரிப்பட்டணம் செவிலி:
தம்பிக்கு என் தரப்பிலிருந்து ஒன்று. அக்காவுக்காகக் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டின் வாங்கிக் கைப்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்தில் கூழும் திரவக் கணக்குதான், 100 மி.லி.க்கு மேற்பட்ட டப்பா சோதனையில் நின்றுவிடும். என் அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த இரண்டு டின்னை அப்படி மேசையிலேயே விட்டுவிட்டுப் போனது இன்னும் மனதில் உறுத்துகிறது. அவற்றைச் சரக்கறைப் பெட்டியில் போடுங்கள்.

பென்னாகரம் இளைஞன்:
இன்று கடைக்குப் போய் மாற்றிவிட்டேன். ஐயா சொன்ன சக்கரமில்லாத பையை மாட்டிப் பார்த்தேன். பேருந்து நிலையத்திலிருந்து அதைச் சுமக்க எனக்குத் தோள் வலி இல்லை என்றாலும், சிங்கப்பூரில் அதோடு நடப்பதை நினைத்துத் தயங்கினேன். கடைசியில் இரண்டு சக்கரம் மட்டும் உள்ள துணிப்பெட்டியை எடுத்தேன். சக்கரம் உடலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கடைக்காரரின் சுவரிலேயே நோட்டு வைத்து அளந்தோம்: 54, 35, 20. எடை 2.1 கிலோ.

ஊத்தங்கரை ஆசிரியர்:
சக்கரமில்லாத பையை எடுத்திருந்தால் இன்னும் ஒரு கிலோவை மிச்சம் பிடித்திருக்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனாலும் முந்தையதைவிட 1.1 கிலோ குறைவு. துணி அடுக்கியபின் கனம் 20ஐத் தாண்டுகிறதா என்று மறுபடியும் அளந்துவிடுங்கள், தம்பி.

காவேரிப்பட்டணம் செவிலி:
சேலத்தில் படியேறும்போது மேல் கைப்பிடியைப் பிடிக்காமல் பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள், மணிக்கட்டு திருகாது. சுமையோடு எத்தனை கிலோ வந்தது என்பதையும் இங்கே எழுதுங்கள்.