காவடி ஊர்வலத்தில் போன் அடுத்த ஏபிக்கு மாறியதும் லைவ் நின்றுவிடுகிறது (ரியூ + ஓபன் விஸ்விட்ச்)

சாட்ஸ்வர்த்_தம்பி:
வணக்கம். தைப்பூசக் காவடியை எங்கள் கோயிலிலிருந்து யூடியூபில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு நடக்கிறது. வாசலில் ஒரு ஏபி (வைஃபை கொடுக்கும் பெட்டி), மண்டபத்தில் ஒன்று. ஒரே வைஃபை பெயர். இரண்டும் ஓபன் விஸ்விட்ச் (மென்பொருள் ஸ்விட்ச்) ஓடும் லினக்ஸ் பெட்டியில் சேர்கின்றன. பாக்கெட் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் கன்ட்ரோலர் ரியூ, அதோடு வரும் சிம்பிள் ஸ்விட்ச் 13 என்ற மாதிரி நிரல்தான். போனோடு மண்டபத்துக்குள் நுழைந்தால் சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் நெட் ஓடாது. திரும்ப வாசலுக்கு வந்தால் தானாக உயிர் வந்துவிடுகிறது! லோட் ஷெடிங் (மின்வெட்டு) என்று யாரும் சொல்லவேண்டாம், எல்லாம் இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது.

லெனேசியா_அக்கா:
மண்டபத்தில் நிற்கும்போது ரவுட்டர் பக்கம் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள் தம்பி.

சாட்ஸ்வர்த்_தம்பி:
போன் அனுப்புவது ரவுட்டருக்கு வருகிறது அக்கா. பதிலும் கிளம்புகிறது. போனுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

லெனேசியா_அக்கா:
அப்போ பழைய ஃப்ளோதான் (ஸ்விட்சில் எழுதிய வழி விதி). ரவுட்டரிலிருந்து போனுக்கு வரும் பாக்கெட்டை வாசல் போர்ட்டுக்கு அனுப்பு என்று ஸ்விட்சில் எழுதியது அப்படியே இருக்கிறது. சிம்பிள் ஸ்விட்ச் நிரலில் அதற்கு டைம்அவுட்டே (காலாவதி நேரம்) கிடையாது. போன் இடம் மாறியது கன்ட்ரோலருக்குத் தெரியும், ஸ்விட்சுக்குத் தெரியாது. பொருந்தும் ஃப்ளோ இருக்கும்வரை அது கன்ட்ரோலரைக் கேட்காது.

பீனிக்ஸ்_அண்ணன்:
ஐடில் டைம்அவுட் (பாக்கெட் வராமல் இருந்தால் ஃப்ளோ அழியும் நேரம்) 5 வினாடி வைத்தால் முடிந்ததே?

லெனேசியா_அக்கா:
லைவுக்கு அது சரிவராது அண்ணா. பதில் கிடைக்காத சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பும், அந்தப் பாக்கெட்டுகளே பழைய ஃப்ளோவை எளிதில் சாகவிடாது. ஹார்ட் டைம்அவுட் (பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் அழிப்பது) கொல்லும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஃப்ளோவையும் சேர்த்துக் கொல்லும். தம்பி, பாக்கெட்-இன் (ஸ்விட்ச் கன்ட்ரோலரைக் கேட்கும் செய்தி) வரும்போது போனின் மேக் முகவரி (அதன் வைஃபை அடையாள எண்) வேறு போர்ட்டிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்த மேக்கைச் சேருமிடமாகக் கொண்ட ஃப்ளோக்களை உடனே அழித்துவிடுங்கள். அடுத்த பதில் பாக்கெட் கன்ட்ரோலருக்கு வந்து புதுப் பாதை தானாக எழுதப்படும்.

சாட்ஸ்வர்த்_தம்பி:
டெலீட் அனுப்பினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஃப்ளோவும் அழியவில்லை.

லெனேசியா_அக்கா:
எந்தப் போர்ட், எந்தக் குரூப்புக்குப் போகும் ஃப்ளோவை அழிப்பது என்று சொல்லும் அவுட்போர்ட், அவுட்குரூப் இரண்டையும் எனி (எதுவானாலும்) என்று கொடுத்தீர்களா? ரியூவில் சும்மா விட்டால் இரண்டும் 0. 0-ஆம் போர்ட்டுக்குப் போகும் ஃப்ளோவைத்தான் தேடும், அப்படி ஒன்று இருக்காது. ரொம்பப் பேரைக் கடித்த இடம் இது.

சாட்ஸ்வர்த்_தம்பி:
அதேதான்! இப்போது மண்டபத்துக்குள் நுழையும்போது படம் கண் சிமிட்டும் நேரம் உறைகிறது, லைவ் அறுபடவில்லை. நன்றி அக்கா.

பீனிக்ஸ்_அண்ணன்:
ஏபிகளில் டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்தே இருக்கட்டும். மண்டபத்தில் வேறு ஐபி கிடைத்தால் டிசிபி இணைப்பு அறுந்துவிடும், கன்ட்ரோலர் எவ்வளவு வேகமாக இருந்தாலும்.