ஆய்வுக்கு எத்தனை எலிகள் என்பதை யார் கேட்பார்கள்?

கேள்வி: மருந்தியல் ஆய்வுக்கு நாற்பது எலிகள் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். கூண்டுக் கம்பியைப் பற்றியபடி மூக்கை நீட்டும் எலியைப் பார்த்தால் கை தயங்குகிறது. இந்த எண்ணிக்கையை யாரேனும் உண்மையில் ஆராய்வார்களா?

பதில் 1: ஆராய்ந்தே ஆக வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, சிறு விலங்கிலேயே முடிவு கிடைக்குமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் விலங்குச் சோதனை விதிகளோ நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றிச் சோதனையைத் தொடங்க விடுவதில்லை.

பதில் 2: அத்தகைய குழுவொன்றில் நான் உறுப்பினர். எத்தனை விலங்குகள் தேவை என்பதற்கான புள்ளியியல் கணக்கு இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறோம். ஆனால், இரக்கத்தால் எண்ணிக்கையை அளவுக்கு மீறிக் குறைத்து, முடிவு தேறாமல் போனால், இறந்த அத்தனை உயிர்களும் வீண்தானே?

பதில் 3: 2023ஆம் ஆண்டின் மருந்து விதித் திருத்தம் உயிரணு வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற மாற்று முறைகளுக்கும் இடமளிக்கிறது. முதலில் அவற்றைப் பாருங்கள்.